ராத்திரியில் உறுமிய பம்ப்

கேரவன் என்றதும் தமிழ் வாசகர்களுக்கு நினைவுக்கு வருவது, ஷூட்டிங் ஸ்பாட்டில் நடிகர்கள் ஓய்வெடுக்கும் ஏசி வண்டிதான். இங்கிலாந்தில் அந்தச் சொல்லுக்கு அர்த்தம் வேறு. அங்கே அது நடுத்தரக் குடும்பங்களின் லீவு வீடு. அதற்கு இன்ஜின் கிடையாது. காருக்குப் பின்னால் கொக்கி மாட்டி இழுத்துப் போக வேண்டும். பகலில் சோபா, ராத்திரியில் கட்டில் என்று மாறும் இருக்கைகள், ஒரு கேஸ் அடுப்பு, சின்ன சிங்க், திரும்பினால் முழங்கை இடிக்கும் பாத்ரூம்... அவ்வளவுதான் வீடு.

இந்தப் பழக்கம் அங்கே நேற்று வந்ததல்ல. கடற்படையில் டாக்டராக இருந்து ஓய்வுபெற்ற கோர்டன் ஸ்டேபிள்ஸ், 1885-ல் உல்லாசப் பயணத்துக்கென்றே ஒரு கேரவனைச் செய்யச் சொல்லி, குதிரைகளைப் பூட்டிக்கொண்டு ஊர் ஊராகச் சுற்றினார். 1907-ல் கேரவன்காரர்களுக்கென்று ஒரு கிளப்பே தொடங்கியது. முதல் உலகப் போருக்குப் பிறகு குதிரையின் இடத்துக்குக் கார் வந்தது. இன்றைக்கும் கோடைக்கால வெள்ளிக்கிழமை மாலைகளில் இங்கிலாந்தின் நெடுஞ்சாலைகளில் வெள்ளை வெள்ளையாகக் கேரவன்கள் போய்க்கொண்டிருக்கும்.

லீட்ஸ் நகரத்தில் வசிக்கும் ஒரு ஓய்வுபெற்ற பஸ் டிரைவரும் அவர் மனைவியும் அப்படி ஒரு கேரவன் வாங்கினார்கள். புதிது அல்ல, எட்டு வருஷம் ஓடிய வண்டி. ரிட்டயர்மென்ட் பணத்தில் பெரும்பகுதி அதற்கே போனது. காரணம் ஊர் சுற்றும் ஆசை மட்டுமல்ல. அவர்கள் மகள் குடும்பத்தோடு இருப்பது ஸ்காட்லாந்தின் வடக்கே இன்வர்னெஸில். லீட்ஸிலிருந்து ஒரு பகல் முழுக்கக் கார் ஓட்ட வேண்டும். மகளுடையது இரண்டு அறைக் குடியிருப்பு, இரண்டு பேரப்பிள்ளைகள். அங்கே போய்த் தங்க இடமில்லை. ஹோட்டலில் தங்கினால் மூன்று நாளில் கை கடிக்கும். கேரவன் இருந்தால் ஊருக்கு வெளியே முகாம் மைதானத்தில் நிறுத்திவிட்டு மூன்று வாரம் இருக்கலாம். பேரப்பிள்ளைகளும் ராத்திரி பாட்டியோடு வந்து படுத்துக்கொள்வார்கள்.

இரண்டு கோடைகள் அப்படியே நன்றாகப் போயின. மூன்றாவது கோடையில், பாத்ரூம் வாசலில் கால் வைத்தபோது தரை 'பொசுக்' என்று அமுங்கியது.

தரை அமுங்கினால் என்ன?

வீட்டுத் தரை என்றால் சிமென்ட். கேரவனின் தரை அப்படியல்ல. மேலே ஒரு பிளைவுட், கீழே ஒரு பிளைவுட், நடுவில் தெர்மாகோல் போன்ற நுரைப்பலகை. மூன்றையும் பசை போட்டு ஒட்டியிருப்பார்கள். வண்டி எடை குறைவாக இருக்க வேண்டும் அல்லவா? உலர்ந்திருக்கும்வரை அந்தத் தரை யானை பலம். தண்ணீர் இறங்கிவிட்டால் பசை விடும், பிறகு மரம் ஊறும், அதன்பின் அழுகும். மேலே விரித்திருக்கும் வினைல் ஷீட் எதையும் காட்டிக்கொடுக்காது. காலுக்குத் தெரியும்போது காரியம் பாதி கெட்டிருக்கும்.

ஒர்க்‌ஷாப்காரர் ஈரப்பதம் பார்க்கும் மீட்டரை வைத்துப் பார்த்தார். பொதுவாக 15 சதவீதத்துக்குள் இருந்தால் கவலையில்லை என்பார்கள். 20-ஐத் தாண்டினால் எங்கிருந்து வருகிறது என்று தேட வேண்டும். 30-ஐத் தாண்டினால் உள்ளே மரம் கெடத் தொடங்கியிருக்கலாம். பாத்ரூம் வாசலில் மீட்டர் காட்டியது 35.

தரையை அறுத்து எடுத்துப் புதிதாகப் போட்டால் ஆகும் செலவு, வண்டி வாங்கிய விலையில் பாதிக்கு மேல். விற்கலாம் என்றால், ஈரம் பிடித்த கேரவனை யாரும் நல்ல விலைக்குக் கேட்க மாட்டார்கள். ஆனால், அந்த ஒர்க்‌ஷாப்காரர் நியாயமான மனிதர். "தண்ணி எங்கிருந்து வருதுன்னு முதல்ல கண்டுபிடிக்கணும். அதுக்கு முன்னாடி தரையை மாத்தினா, புதுத் தரையும் நனையும்" என்றார். சீசன் நேரம் என்பதால் அவரிடம் இரண்டு மாதத்துக்கு இடம் இல்லை.

அதற்குள் தாங்களே தேடிப் பார்ப்பது என்று இருவரும் முடிவுசெய்தார்கள். ஆனால், அவர்களுக்குள் ஒரு பழைய வழக்கு பாக்கியிருந்தது.

அவருக்குக் கேட்காத சத்தம்

போன வசந்தத்தில் இருந்தே மனைவி ஒன்றைச் சொல்லிக்கொண்டிருந்தார். ராத்திரி எல்லாம் அடங்கிய பிறகு, அவர் படுக்கும் பக்கத்து இருக்கைக்கு அடியில் பம்ப் 'டர்ர்' என்று ஒரே ஒரு நொடி உறுமி நிற்கிறது. அரை மணி நேரம் கழித்து மறுபடியும் ஒரு 'டர்ர்'.

"மறுபடியும் கேட்குது" என்பார் மனைவி.

"எனக்கு ஒண்ணும் கேட்கலையே, காத்தா இருக்கும். தூங்கு" என்பார் டிரைவர்.

அவர் பொய் சொல்லவில்லை. முப்பது வருஷத்துக்கு மேல் பஸ் இன்ஜினுக்குப் பக்கத்தில் உட்கார்ந்த காது. மெல்லிய சத்தங்கள் அதில் விழுவதை நிறுத்திப் பல காலமாகியிருந்தது. அதை அவர் ஒப்புக்கொண்டதில்லை. தனக்குக் கேட்காத சத்தத்தை இல்லாத சத்தம் என்றே எடுத்துக்கொண்டார். இரண்டு மூன்று முறை சொல்லிப் பார்த்த மனைவியும் அதன்பின் சொல்வதை விட்டுவிட்டார். பம்ப் மட்டும் விடவில்லை.

அந்தச் சத்தத்துக்கு அர்த்தம் இருக்கிறது. கேரவனில் தண்ணீர் வரும் வழி ரொம்ப எளிமையானது. வண்டிக்கு வெளியே தரையில் 40 லிட்டர் பீப்பாய் ஒன்று இருக்கும். மைதானத்துப் பொதுக் குழாயில் நிரப்பி, தரையில் உருட்டிக்கொண்டே வரலாம். வண்டிக்குள் இருக்கும் 12 வோல்ட் பம்ப் அதிலிருந்து தண்ணீரை உறிஞ்சி, விரல் தடிமனுள்ள பிளாஸ்டிக் பைப்புகளில் அனுப்பும். குளிர்ந்த தண்ணீருக்கு நீலம், வெந்நீருக்குச் சிவப்பு. நடுவில் சுமார் 10 லிட்டர் பிடிக்கும் ஒரு ஹீட்டர்.

பல வண்டிகளில் பம்பை இயக்குவது பிரஷர் சுவிட்ச். குழாயைத் திறந்தால் பைப்பில் அழுத்தம் குறையும், பம்ப் ஓடும். மூடினால் அழுத்தம் ஏறும், பம்ப் நிற்கும். அப்படியென்றால், எல்லாக் குழாய்களும் மூடியிருக்கும்போது பம்ப் ஏன் ஓட வேண்டும்? எங்கோ அழுத்தம் குறைகிறது. அதாவது, யாரும் திறக்காத ஒரு குழாய் எங்கோ திறந்திருக்கிறது.

சந்தேகப் பட்டியல்

கேரவனுக்குள் ஈரம் வர நான்கு வழிகள். மழை, மூச்சுக்காற்றும் சமையல் ஆவியும், கழிவுநீர், குழாய்த் தண்ணீர். டிரைவர் முதல் நாளே குழாய் ஸ்பேனரை எடுத்துவிட்டார். பாத்ரூம் சிங்குக்குக் கீழே இருந்த ஜாயின்ட்டைக் கழற்றி மாட்டினார். ஈரம் அதற்குப் பக்கத்தில்தானே இருக்கிறது? பலனில்லை. தண்ணீர் உள்ளே வரும் இடத்து ஃபில்டர் மூடியின் ரப்பரை மாற்றினார். அதிலும் பலனில்லை.

பிறகு மனைவி கையில் எடுத்தார். பள்ளிக்கூடச் சமையலறையில் இருநூறு பிள்ளைகளுக்குச் சமைத்தவர். எது தீர்ந்தது, எது மீந்தது, எங்கே குறைந்தது என்று கணக்கு வைத்துப் பழகியவர். ஒரு நோட்டை எடுத்து, ஒவ்வொன்றாகத் தள்ளிக்கொண்டு வந்தார்.

முதலில் மழை. ஜன்னல் ஓரமும், சுவரும் கூரையும் சேரும் இடத்துப் பட்டையும்தான் மழைநீர் நுழையும் வழக்கமான வாசல்கள். பீப்பாயைக் கழற்றி, பைப்பில் இருந்த தண்ணீரையெல்லாம் வடித்துவிட்டு, வண்டியை வீட்டு வாசலில் இரண்டு வாரம் சும்மா நிறுத்தினார்கள். அந்த இரண்டு வாரமும் லீட்ஸில் மழைக்குப் பஞ்சமில்லை. சின்னதாக ஒரு மீட்டர் வாங்கித் தினமும் அளந்தார்கள். எண் ஏறவில்லை, கொஞ்சம் இறங்கவே செய்தது. மழை விடுதலை. ஆவியும் விடுதலை; ஆவியால் வரும் ஈரம் ஜன்னலிலும் குளிர்ந்த மூலைகளிலும் படியுமே தவிர, வாசல் தரையில் மட்டும் ஒரு திட்டாக நிற்காது.

அடுத்து கழிவுநீர். குளிக்கும் தட்டில் மயிரிழை விரிசல் இருந்தாலும், வடிகால் வாயின் ரப்பர் கெட்டிருந்தாலும் தண்ணீர் நேராகத் தரைக்குள் இறங்கும். மனைவி கேக்குக்குப் போடும் சிவப்பு கலரைத் தண்ணீரில் கரைத்து, தட்டில் இரண்டு அங்குலம் நிற்கவைத்து, ஒரு மணி நேரம் கழித்துத் திறந்துவிட்டார். எங்கேயும் சிவப்பு கசியவில்லை.

பாக்கி இருப்பது குழாய்த் தண்ணீர். அதிலும் ஒரு சிக்கல். பம்ப் தானாக ஓடினால் கட்டாயம் ஒழுகல்தான் என்று சொல்லிவிட முடியாது. தண்ணீர் திரும்பிப் போகாமல் தடுக்கும் வால்வு பழுதாகியிருந்தால், பைப்பில் இருக்கும் தண்ணீர் மெல்ல பீப்பாய்க்கே திரும்பும். அப்போதும் அழுத்தம் குறையும், பம்ப் உறுமும். ஆனால், தரை நனையாது. இரண்டையும் எப்படிப் பிரிப்பது?

மனைவி மரக்கரண்டியின் காம்பை பீப்பாயின் வாய் வழியே விட்டு, நனைந்த இடத்தில் பென்சிலால் கோடு போட்டார். எல்லாக் குழாய்களையும் மூடி, பம்பை ஆனில் வைத்துவிட்டு இருவரும் வீட்டுக்குள் போய்ப் படுத்தார்கள். காலையில் மறுபடி காம்பை விட்டுப் பார்த்தால், தண்ணீர் கோட்டுக்கு ஒரு விரல்கடை கீழே இருந்தது. திரும்பிப் போயிருந்தால் பீப்பாயில் குறைந்திருக்காது. போன தண்ணீர் வண்டிக்குள்தான் எங்கோ இருக்கிறது.

பென்சில் கோட்டை டிரைவர் ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டு நின்றார். "அப்போ போன வருஷத்திலிருந்தே..." என்று ஆரம்பித்தார். "ஆமா" என்றார் மனைவி. அதற்கு மேல் இருவரும் அதைப் பற்றிப் பேசவில்லை. நோட்டில் அடுத்த பக்கத்தைத் திருப்பினார்கள்.

23 துண்டு டிஷ்யூ பேப்பர்

இருக்கைகளைத் தூக்கி, இழுப்பறைகளைக் கழற்றி, பைப் போகும் பாதை முழுவதையும் மனைவி நோட்டில் வரைந்தார். எண்ணிப் பார்த்தால் மொத்தம் 23 ஜாயின்ட்டுகள். டிரைவர் ஏற்கெனவே ஒவ்வொரு ஜாயின்ட்டுக்கும் கீழே தரையைத் தொட்டுப் பார்த்திருந்தார். பாத்ரூம் பக்கத்தைத் தவிர எங்கும் காய்ந்தே இருந்தது. அதனால்தான் அவர் பாத்ரூமையே சுற்றிச் சுற்றி வந்தார்.

மனைவி தரையைப் பார்க்கவில்லை. டிஷ்யூ பேப்பரைத் துண்டு துண்டாகக் கிழித்து, ஒவ்வொரு ஜாயின்ட்டையும் இறுக்கிச் சுற்றி ரப்பர் பேண்டு போட்டார். ஒவ்வொன்றின் மேலும் பால்பாயின்ட் பேனாவால் நம்பர். ஹீட்டரையும் போட்டு, ராத்திரி முழுக்க பம்பை ஓடவிட்டார்கள்.

காலையில் 22 காகிதங்கள் காய்ந்திருந்தன. 17-ம் நம்பர் மட்டும் நைந்துபோய் ஒட்டிக்கொண்டிருந்தது.

அது பாத்ரூமுக்குப் பக்கத்திலேயே இல்லை. வண்டியின் முன்பக்கம், ஹீட்டரிலிருந்து வெந்நீர் வெளியேறும் எல்போ. அங்கே கசிந்த தண்ணீர் கீழே விழவில்லை. பைப்பின் அடிப்பக்கத்தைப் பிடித்துக்கொண்டே, சுவரோரமாகப் பின்பக்கம்வரை ஊர்ந்து போயிருக்கிறது. பாத்ரூம் வாசலில் பைப் வளைகிற இடத்தில்தான் சொட்டியிருக்கிறது. ஒழுகும் இடம் ஒன்று. நனையும் இடம் வேறொன்று. கேரவன்காரர்களைப் பாடாய்ப் படுத்துவது இதுதான். ஈரத்தைப் பார்த்துத் தேடுகிறவர் தண்ணீரின் பயணம் முடிந்த இடத்தில் நிற்கிறார். அது புறப்பட்ட இடம் எதிர்த்திசையில் இருக்கிறது.

குளிர்காலம் செய்த வேலை

எல்போ ஏன் கசிந்தது? அதற்கு விடை முந்தைய குளிர்காலத்தில் இருந்தது. தண்ணீர் உறைந்து பனிக்கட்டியாகும்போது கனஅளவு சுமார் 9 சதவீதம் கூடும். பைப்பில் தங்கிய தண்ணீர் உறைந்தால், அது ஜாயின்ட்டைப் பிதுக்கும். குழாய்க்குள் இருக்கும் பிளாஸ்டிக்கை உடைக்கும். ஃபில்டர் கிண்ணத்தைக் கீறும். அதனால்தான் குளிர் தொடங்குவதற்கு முன் வண்டியின் தண்ணீரையெல்லாம் வடித்துவிடுவார்கள்.

டிரைவரும் வடித்திருந்தார். ஹீட்டரின் வடிகால் வால்வைத் திறந்தார், சமையலறைக் குழாயையும் திறந்தே வைத்தார். ஆனால், அது ஒற்றைக் கைப்பிடிக் குழாய். கைப்பிடி குளிர்ந்த தண்ணீர்ப் பக்கமே திரும்பியிருந்தது. வெந்நீர்ப் பைப்புக்குள் காற்று நுழைய வழியில்லை. ஸ்ட்ராவின் மேல்வாயை விரலால் மூடினால் உள்ளே பானம் அப்படியே நிற்குமே, அதைப்போல எல்போவில் கொஞ்சம் தண்ணீர் நின்றுவிட்டது. ஜனவரிக் குளிரில் அது உறைந்து, உள்ளே இருந்த ரப்பர் வளையத்தை நெளித்திருக்கிறது.

பழுது பார்த்தது அரை மணி நேர வேலை. முதலில் கரண்ட் இணைப்பைப் பிடுங்கினார்கள். நனைந்த இருக்கைக்கு அடியில் கைவிடும் முன் அது கட்டாயம். ஹீட்டரை அணைத்து ஆறவிட்டு, தண்ணீரை வடித்தார்கள். கேஸ் பைப் பக்கம் கையே வைக்கவில்லை. அதைப் பதிவுபெற்ற ஆளிடம் விடுவதே நல்லது. எல்போவின் வளையத்தை அழுத்திப் பிடித்து இழுத்ததும் பைப் கழன்று வந்தது. முனையில் நகக்கீறல் போல் ஒரு கோடு. கீறலுள்ள பைப்பில் புது ரப்பரும் நிற்காது. முனையை நேராக வெட்டி, சில பவுண்டு விலையில் வாங்கிய புது எல்போவில் கடைசிவரை தள்ளி, பிடித்து இழுத்துப் பார்த்தார்கள். அசையவில்லை.

அன்று ராத்திரி இருவரும் கேரவனிலேயே படுத்தார்கள். 23 புதுக் காகிதங்கள். பம்ப் ஆனில் இருந்தது. வெகுநேரம் கழித்து டிரைவர் இருட்டில் கேட்டார்:

"ஏதாவது கேட்குதா?"

"இல்லை" என்றார் மனைவி.

அன்றைக்குத்தான் முதல்முறையாக இருவருக்கும் ஒரே மாதிரி கேட்டது.

மிச்சம்

ஈரம் உறிஞ்சும் மெஷினை வைத்து, இருக்கைகளையெல்லாம் தூக்கி நிறுத்தி, வாரக்கணக்கில் தரையைக் காயவிட்டார்கள். 35 என்று காட்டிய மீட்டர் கடைசியில் 18-ல் வந்து நின்றது. ஒர்க்‌ஷாப்காரர் வந்து தட்டிப் பார்த்தார். பசை விட்டிருந்ததே தவிர மரம் அழுகவில்லை. தரையை அறுக்க வேண்டியிருக்கவில்லை. வாசல் பக்கம் வரிசையாகச் சின்னத் துளைகள் போட்டு, பிசினைச் செலுத்தி, இரண்டு பலகைகளையும் மறுபடி ஒட்டவைத்தார். செலவு முதலில் சொன்னதில் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவு. இன்னொரு குளிர்காலம் போயிருந்தால் இந்த வழி இருந்திருக்காது என்றார்.

பைப் வெடித்திருந்தால் பத்து நிமிஷத்தில் தெரிந்திருக்கும். ஓடிவந்து பம்பை அணைத்திருப்பார்கள், துணியால் துடைத்திருப்பார்கள், அதோடு போயிருக்கும். கொஞ்சம் கொஞ்சமாகக் கசிந்த ஒழுகல்தான் ஒரு வருஷம் சத்தமில்லாமல் வேலை செய்து, வண்டியையே கேட்டது. சத்தமே இல்லை என்றும் சொல்ல முடியாது. அரை மணிக்கு ஒரு தரம் அது சொல்லிக்கொண்டேதான் இருந்தது. கேட்டவர் பேச்சு எடுபடவில்லை.

செப்டம்பரில் வண்டி இன்வர்னெஸ் போனது. பேரப்பிள்ளைகள் பாத்ரூம் வாசலில் குதித்துக் குதித்துத் தரையைச் சோதித்தார்கள். திரும்பி வந்ததும் டிரைவர் காது டாக்டரிடம் போனார். மனைவி போகச் சொல்லவில்லை. அவரே நாள் குறித்தார். அங்கே அரசு மருத்துவச் சேவையிலேயே காதுக் கருவி இலவசமாகக் கிடைக்கிறது. முதல் வாரம் அதை மாட்டிக்கொண்டவர், வீட்டு ஃபிரிட்ஜ் இவ்வளவு சத்தம் போடுமா என்று ஆச்சரியப்பட்டார்.

மனைவியின் நோட்டு இப்போது கேரவனின் இழுப்பறையிலேயே இருக்கிறது. கடைசிப் பக்கத்தில் குளிர்காலத்துக்கு முன் செய்ய வேண்டியவை: பம்பை அணை. பீப்பாயைக் கழற்று. ஹீட்டர் வால்வைத் திற. ஃபில்டரை எடு. ஷவர் தலையைக் கழற்றிக் கீழே தொங்கவிடு. எல்லாக் குழாய்களையும் திற; கைப்பிடி நடுவில் இருக்கட்டும். கடைசி வரிக்குக் கீழே இரண்டு கோடு போட்டிருக்கிறது. ஒன்று நீலப் பேனாவில், இன்னொன்று கறுப்புப் பேனாவில். இரண்டாவது கோடு டிரைவர் போட்டது.